போடி ரயில் நிலையம்: இருமுறை போய் இருமுறை வந்த கதை



சமூக அறிவியல் வகுப்பில் இந்திய ரயில்வே பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வரைபடத்தில் கம்பம் பள்ளத்தாக்கைத் தேடிக்கொண்டிருந்த ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "நம்ம ஊரு ஸ்டேஷன் எங்கே இருக்குது டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்துவிட்டது. உத்தமபாளையத்துக்கு ரயில் நிலையம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சிரிக்க வேண்டிய கேள்வியன்று அது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வரிசையாக ஊர்கள் நிறைந்த செழிப்பான பள்ளத்தாக்கு இது. நெல்லும் வாழையும் திராட்சையும் விளையும் இந்த மண்ணுக்கு ரயில் ஏன் வரவில்லை? கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் வழியாகப் போனால் எட்டிவிடக்கூடிய போடிநாயக்கனூருக்கு மட்டும் அது எப்படி வந்தது? வந்தது ஏன் போயிற்று? போனது எப்படித் திரும்பியது?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால், ஒரு நிலையத்தின் கதையோடு நம் மாவட்டத்தின் நூறாண்டுக் கதையும் கிடைக்கும்.

ரயில் வருமுன்

திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே இருப்புப்பாதை 1875-இல் திறக்கப்பட்டது. அப்பாதையில் உள்ள அம்மையநாயக்கனூர் நிலையந்தான் மேற்கு மலைப்பக்கத்து மக்களுக்கு அன்று பெரிய வாசல். அதையே இன்று கொடைக்கானல் ரோடு என்கிறோம். நம் பக்கத்திலிருந்து அங்கே போக வேண்டுமானால் மாட்டு வண்டிதான்.

பெரியாறு அணை 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்தது. கர்னல் ஜான் பென்னிகுவிக் கட்டிய அந்த அணைக்கு வேண்டிய இயந்திரங்களும் தளவாடங்களும் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கின. பிறகு மாட்டு வண்டிகளில் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து மலையடிவாரம் சேர்ந்தன. நமக்குத் தண்ணீர் கொடுத்த அணைக்கு இரும்பு சுமந்தவை காளைகளே என்றால் மிகையாகாது. அணைத் தண்ணீர் வந்தபின் பள்ளத்தாக்கில் விளைச்சல் பெருகியது. விளைந்ததை வெளியே கொண்டுபோக வழிதான் குறுகலாக இருந்தது.

மலைமேல் ஓடிய ரயில்

பள்ளத்தாக்கில் ரயில் இல்லாத அந்தக் காலத்திலேயே, நமக்கு வடமேற்கே மலை உச்சியில் ஒரு ரயில் ஓடியது! மூணாற்றுத் தேயிலைத் தோட்டக்காரர்கள் தங்கள் தேயிலைப் பெட்டிகளைக் கீழே இறக்கக் கண்டுபிடித்த வழி அது. அதற்குக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்று பெயர்.

1902-இல் அது ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கியது. வண்டியின் பாரம் பெரும்பாலும் ஒரே தண்டவாளத்தின்மேல் இருக்கும். கவிழாமல் தாங்குவதற்குப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வரும். இழுப்பதற்கு மாடுகள். இதே முறையில் பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானமும் 1907-இல் ஒரு ரயில் விட்டது. அதன் எஞ்சினை டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

1908-இல் மூணாற்றுப் பாதை இரண்டு அடி அகலமுள்ள குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. மூணாற்றிலிருந்து புறப்படும் தேயிலை, மலை விளிம்பில் உள்ள டாப் ஸ்டேஷன் என்ற இடத்தை அடையும். அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் இறங்கி, போடிக்கு மேற்கே உள்ள கொட்டகுடிக்கு வரும். மேலே டாப் ஸ்டேஷன் என்றால் கீழே பாட்டம் ஸ்டேஷன். கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டியில் போடி, அப்பால் நீண்ட சாலை, பின்பு ரயில், முடிவில் கப்பலேறி இங்கிலாந்து. நம் மலையில் பறித்த இலை, லண்டன் சீமாட்டியின் கோப்பையை அடைய எத்தனை வாகனம் ஏறி இறங்கியிருக்கிறது, பாருங்கள்!

1924 ஜூலையில் பெய்த பேய்மழை அனைத்தையும் அடித்துக்கொண்டு போயிற்று. மலையாள ஆண்டு 1099 ஆனதால் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று கேரளத்தார் இன்றும் அதைச் சொல்கிறார்கள். பாலங்கள் உடைந்தன, தண்டவாளங்கள் பெயர்ந்தன. அந்த ரயிலை மீண்டும் யாரும் கட்டவில்லை. மூணாற்றில் நிலையமாக இருந்த கட்டடம் பின்னாளில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. ரயில் இல்லாவிட்டாலும் டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சுற்றுலா சென்று அங்கே படம் எடுத்துக்கொள்கிறவர்களில் எத்தனை பேர், 'இங்கே எந்த ஸ்டேஷன்?' என்று கேட்டிருப்பார்கள்?

1928: போடிக்கு ரயில் வந்தது

மலைமேல் ரயில் மறைந்து நான்கு ஆண்டுகளில் மலையடிவாரத்துக்கு ரயில் வந்தது. தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு மீட்டர் பாதை அமைத்து 1928-இல் திறந்தனர். நீளம் சுமார் 90 கிலோமீட்டர். உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாயில் குன்றுகளுக்கு நடுவே புகுந்து, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடியில் அது நின்றது. அதற்குமேல் போக மலை விடவில்லை.

பாதை ஏன் போடிக்கு வந்தது? காரணம் ஏலக்காய். போடிமெட்டுக்கு அப்பால் உள்ள ஏலமலைகளின் விளைச்சல் இறங்கி வரும் வாசல் போடி. ஏலக்காயும் காப்பியும் தேயிலையும் அங்கே வந்து சேர்ந்தன. மலைக்கு வேண்டிய அரிசியும் துணியும் உப்பும் அங்கிருந்து ஏறின. இன்றும் போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏல மையம் இருக்கிறது. சரக்கு எங்கே குவிகிறதோ அங்கே கம்பெனி ரயில் விட்டது. கம்பத்துச் சாலை ஊர்களில் மக்கள் கூட்டம் இருந்தும், கம்பெனியின் கணக்கு வேறாக இருந்தது.

ஆனால் தண்டவாளம் போட்ட காரணம் ஒன்று. அதில் ஏறியவர்களின் காரணங்கள் வேறு. சரக்குக்காக வந்த பாதையில் மனிதர் ஏறினார்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி, மீனாட்சியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குப் போகும் குடும்பம், தேனிச் சந்தைக்கு வரும் வியாபாரி, வேலை தேடிப் பட்டணம் போகும் இளைஞன் என்று எல்லோருக்கும் அது வழியாயிற்று. நம் உத்தமபாளையத்துக்காரர்களும் தேனிக்கோ போடிக்கோ போய் ரயிலேறினார்கள். அந்த வகையில் அது நமக்கும் நிலையந்தான்.

போரில் போன தண்டவாளம்

இரண்டாம் உலகப் போர் 1939-இல் தொடங்கியது. போர்முனைகளில் ரயில் பாதை போட இரும்பு வேண்டியிருந்தது. புதிதாக வார்த்துக் கொடுக்க நேரமில்லை. 'இந்தியாவில் வருமானம் குறைந்த கிளைப் பாதைகளைப் பெயர்த்து எடுங்கள்' என்று உத்தரவாயிற்று. நாடு முழுவதும் இருபதுக்கும் மேற்பட்ட கிளைப் பாதைகள் இப்படிப் பெயர்க்கப்பட்டன. அவற்றின் தண்டவாளங்கள் கப்பலேறி மேற்காசியப் போர்முனைகளுக்குச் சென்றன.

போடிப் பாதையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. 1942-இல் ரயில் நின்றது, தண்டவாளம் பெயர்ந்தது. ரயில் வந்து பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1928-இல் பிறந்த குழந்தை, பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்பே தன் ஊர் ரயில் போவதைக் கண்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். போர் எங்கேயோ நடந்தது. அதை மூட்டியவர்கள் எங்கேயோ இருந்தார்கள். போடியைச் சுற்றியிருந்த மக்களை யாரும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை அன்று அவர்களுக்கு இல்லை. அடிமை நாடு என்பதற்குப் பாடப்புத்தகத்தில் பல விளக்கங்கள் உண்டு. தன் ஊர்த் தண்டவாளத்தைப் பெயர்த்தபோது ஏன் என்று கேட்க முடியாமல் நின்றதும் அந்த விளக்கங்களுள் ஒன்று.

திரும்பி வந்த பாதையும் திரும்பாத பாதையும்

நாடு விடுதலை பெற்றபின், 1950-களின் முற்பாதியில் போடிப் பாதை மீண்டும் போடப்பட்டு ரயில் ஓடத் தொடங்கியது. பெயர்க்கப்பட்ட பாதைகளுக்கெல்லாம் இந்தப் பாக்கியம் கிட்டியதா? இல்லை.

திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் குறுகிய பாதை ஒன்று திறக்கப்பட்டது. 1941-இல் அதுவும் போர்க்காலத்தில் மூடப்பட்டது. அந்தப் பாதை திரும்பி வரவேயில்லை. கிருஷ்ணகிரி பின்னாளில் ஒரு மாவட்டத்தின் தலைநகராக உயர்ந்தது. ரயில் நிலையம் மட்டும் பழங்கதையாகவே நின்றுவிட்டது. மாறாக, கேரளத்தில் ஷொறணூர்–நிலம்பூர் பாதை 1941-இல் பெயர்க்கப்பட்டு 1950-களில் மீண்டும் வந்தது. மூன்று பாதைகளுக்கும் ஒரே இடி. இரண்டு பிழைத்தன, ஒன்று பிழைக்கவில்லை. போன ரயில் தானாகத் திரும்பும் என்று எந்த ஊரும் நம்பியிருக்க முடியாது என்பதை இது காட்டுகிறது.

போடிப் பாதை திரும்பி வந்த அதே காலத்தில் நம் பெண்களுக்கு இன்னொரு கதவும் திறந்தது. மதுரையில் லேடி டோக் கல்லூரி 1948-இலும், அருட்சகோதரிகளின் பாத்திமா கல்லூரி 1953-இலும் தொடங்கின. 1970-இல் மதுரை–உசிலம்பட்டிச் சாலையில் கருமாத்தூரில் இயேசு சபையார் அருளானந்தர் கல்லூரியைத் தொடங்கினர். பட்டப்படிப்பு என்பது எட்டாக்கனியாக இருந்த மலையோரக் குடும்பங்களுக்கு, குறைந்த கட்டணத்தில் மதுரைக்குப் போய்வர ஒரு வண்டி இருந்தது சிறிய உதவியன்று. பெட்டி படுக்கையோடு மகளை விடுதியில் விடப் போகும் தந்தைக்குக் கட்டணத்தின் ஒவ்வோர் அணாவும் கணக்குத்தான்.

மீட்டர் பாதையும் அகலப் பாதையும்

இனி இரண்டாம் முறை போன கதை. அதைப் புரிந்துகொள்ளச் சிறிது கணக்கு வேண்டும்.

இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்தை வைத்தே பாதைக்குப் பெயரிடுகிறார்கள். மீட்டர் பாதையில் அது சரியாக 1 மீட்டர், அதாவது 1,000 மில்லிமீட்டர். அகலப் பாதையில் 1,676 மில்லிமீட்டர். அடிக் கணக்கில் ஐந்தரை அடி. மூணாற்றுக் குறுகிய பாதையோ 610 மில்லிமீட்டர்தான். அகலம் கூடினால் பெரிய பெட்டி, மிகுந்த பாரம், கூடுதல் வேகம். ஆனால் ஓர் அகலத்துக்குச் செய்த வண்டி மற்றோர் அகலத்தில் ஓடாது. பாதை மாறும் இடத்தில் சரக்கு முழுவதையும் இறக்கி ஏற்ற வேண்டும். கூலியும் நேரமும் வீண். சிந்துவதும் உடைவதும் மிச்சம்.

ஆகவே நாடு முழுவதும் ஒரே அகலம் என்ற திட்டத்தை இந்திய ரயில்வே 1992-இல் மேற்கொண்டது. நல்ல திட்டந்தான். 1990-களில் மதுரை வழியாகச் செல்லும் முதன்மைப் பாதை அகலமாயிற்று. மதுரை–ராமேசுவரம் பாதை 2007-இல் அகலமாயிற்று. அப்போது போடிப் பாதை என்ன ஆயிற்று? சுற்றிலும் அகலப் பாதை, நடுவில் தனியே ஒரு மீட்டர் பாதை என்று, கடல் நடுவே தீவு போலானது. வெளியூர் வண்டி எதுவும் அதில் வர முடியாது. அதன் வண்டி வெளியே போக முடியாது. ஏலக்காய் எப்போதோ லாரிக்கு மாறிவிட்டது. எந்தச் சரக்குக்காகப் பாதை வந்ததோ அந்தச் சரக்கு போய்விட்டது. மிஞ்சியவர்கள் பயணிகளே.

பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு

2010 டிசம்பர் 31-ஆம் நாள் கடைசி மீட்டர் பாதை வண்டி ஓடியது. அகலப் பாதை போட்டதும் ரயில் வரும் என்றார்கள். ஆண்டுதோறும் பணம் சிறுகச் சிறுக வந்தது. வேலை நின்று நின்று நடந்தது. ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை உடைத்து வழியை அகலப்படுத்த வேண்டியிருந்தது. பாலங்களைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

வணிகர்களும் மாணவர்களும் பொதுமக்களும் மனுக் கொடுத்தார்கள்; கூட்டம் போட்டார்கள்; மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2020-இல் உசிலம்பட்டி வரைக்கும் அதன்பின் ஆண்டிபட்டி வரைக்கும் சோதனை ஓட்டம் நடந்தது. 2022 மே 26-ஆம் நாள் மதுரை–தேனி ரயில் சேவை தொடங்கிவைக்கப்பட்டது. 2023 ஜூன் 15-ஆம் நாள் போடிக்கு ரயில் வந்தது. அன்றே, வாரத்தில் மூன்று நாள் சென்னைக்குச் செல்லும் விரைவு வண்டியும் போடியிலிருந்து புறப்பட்டது. மீட்டர் பாதையில் மதுரையோடு நின்ற பயணம், முதன்முறையாகப் பெட்டி மாறாமல் சென்னை வரை நீண்டது.

பன்னிரண்டு ஆண்டு என்பது எவ்வளவு காலம்? 2010 ஜூனில் ஒரு சிறுமி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் அரிச்சுவடி படித்து முடிக்குமுன் ரயில் நின்றது. அவள் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய 2022 மே மாதத்தில்தான் தேனிக்கு ரயில் வந்தது. பள்ளிப் பருவம் முழுவதும் நம் மாவட்டத்தில் ரயில் சத்தம் கேட்காமல் வளர்ந்த தலைமுறை அது. அவளுடைய தங்கை இப்பொழுது நம் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம்.

முதல்முறை ரயில் போனபோது கேட்க உரிமை இல்லை. இரண்டாம் முறை உரிமை இருந்தது. இருந்தும் பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று. கேளாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை ஆண்டு ஆகியிருக்குமோ! அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள் நம் பாட்டிமார். தட்டுகிறவர்களுக்கே கதவு திறக்கும் என்று மறைக்கல்வி வகுப்பிலும் கற்கிறோம். ஒருமுறை தட்டிவிட்டுத் திரும்பிவிடக் கூடாது என்பதையும் போடி நிலையம் நமக்குச் சொல்லித் தருகிறது.

நம் ஊருக்கு எப்போது?

இப்போது அந்த ஏழாம் வகுப்பு மாணவியின் கேள்விக்கு வருவோம். திண்டுக்கல்லிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியாகக் குமுளி மலையடிவாரம் வரை ஒரு ரயில் பாதை வேண்டும் என்பது நெடுநாளைய கோரிக்கை. அது நிறைவேறினால் நம் பக்கத்துக் காய்கறியும் பழமும் எளிதில் வெளியூர் சேரும். ஐயப்ப பக்தர்களுக்குப் பயன்படும். நம் பிள்ளைகள் படிக்கவும் பணிக்கும் போய்வர வழி பிறக்கும்.

மகளே, நம் ஊர் ஸ்டேஷன் வரைபடத்தில் இல்லை. அது இன்னும் நம் மனுவில்தான் இருக்கிறது. ஆனால் கேட்பவர்களுக்குத் தங்கள் ஊரின் கதை தெரிந்திருக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம், யார் பயன் பெறுவார்கள், முன்பு என்ன நடந்தது என்று ஆண்டும் கணக்கும் சொல்லிக் கேட்பவரைத் தட்டிக்கழிப்பது கடினம். வரலாறு படிப்பதன் பயன்களுள் இதுவும் ஒன்று.

பெரிய ஊர்களின் வரலாற்றை அறிஞர்கள் எழுதிவிடுவார்கள். சிற்றூர்களின் வரலாறு தாத்தா பாட்டியரின் நினைவில் இருக்கிறது. கரி எஞ்சினின் புகையைக் கண்ணில் வாங்கியவர்கள், போடி வண்டியில் ஏறி மணமகளாய் வந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். தண்டவாளத்தைத் திரும்பப் போடலாம். மறைந்தவரின் நினைவைத் திரும்பப் பெற முடியாது.

பயிற்சி

1. போடிக்கு ரயில் வந்த காரணமும், மக்கள் அதை விரும்பிய காரணமும் எவ்வாறு வேறுபட்டன?

2. போடிப் பாதை 1942-இல் போனதற்கும் 2010-இல் நின்றதற்கும் உள்ள வேறுபாடு யாது?

3. மீட்டர் பாதையைவிட அகலப் பாதை எத்தனை மில்லிமீட்டர் கூடுதல்? அளவு நாடாவால் அளந்து இரண்டையும் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் கோடிட்டுக் காட்டுக.

4. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவருடைய முதல் ரயில் பயணத்தைப் பற்றிக் கேளுங்கள். எந்த நிலையத்தில் ஏறினார், யாருடன் போனார், எதற்காகப் போனார், கட்டணம் எவ்வளவு என்பதை அவர் சொன்னபடியே ஒரு பக்கத்தில் எழுதி வகுப்பாசிரியையிடம் கொடுங்கள். எல்லாவற்றையும் தொகுத்துப் பள்ளி நூலகத்தில் வைப்போம்.